வெளிக்கிப் போகையில் ரத்தமா? மூலம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். 2022 ஆனி மாதம் என் தம்பியின் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. சிவப்பணுவின் சராசரி அளவு 80க்கு மேல் இருக்க வேண்டும், அவனுக்கு 68. இரும்புச்சத்து வற்றிப் போன உடம்பு என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். "நேரா நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல, அதான்" என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த இரும்பு எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்கவில்லை.

அவனுக்கு அப்போது 34 வயது. களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். முந்தின ஐப்பசியிலிருந்தே வெளிக்கிப் போகும்போது ரத்தம் போயிருக்கிறது. வண்டிச் சூடு, மூலச்சூடு என்று அம்மா துத்தி இலையை வதக்கிக் கொடுத்தாள். கருணைக்கிழங்கு மசியல் செய்தாள். அப்புறம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று எழுதியிருக்குமே, அப்படி ஓர் இடத்தில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். அங்கே யாரும் அவனைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "சூடுதான்க்கா, சவத்த விடு" என்பான். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஆனித் தேர் முடியட்டும்" என்றான். தேர் முடிந்து ஆடி வந்தது, ஆவணியும் போனது. புரட்டாசியில்தான் ஒரு டாக்டர் கையுறை போட்டு விரலை வைத்துப் பார்த்தார். அரை நிமிஷம்தான். உள்ளே ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை.

தம்பி இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த 11 மாதத்தை எங்களால் திரும்ப வாங்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படிப் போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான், எங்கள் லேபில் பார்த்ததையும் வீட்டில் பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில், எதைக் கவனிக்க வேண்டும்

ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து மூலமா, வேறா என்று வீட்டில் பிரிக்க முடியாது. பளிச்சென்று சிவப்பாகப் போனால் மூலம்தான் என்று நிறையப் பேர் தைரியமாக இருக்கிறார்கள். மலக்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் கட்டியும் பளிச்சென்ற சிவப்பாகத்தான் கசியும். இளம் வயதில் வரும் பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இடது பக்கக் குடலிலும் மலக்குடலிலும்தான் வருகிறது. இதை மனதில் வையுங்கள்.

தம்பிக்கு ரத்தத்தைவிடப் பெரிய அடையாளம் ஒன்று இருந்தது. அதை அவன் கட்டி தெரிந்த பிறகுதான் சொன்னான். போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷம் மறுபடி போக வேண்டும்போல இருக்குமாம். போனால் கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும் வரும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. வண்டியை ஓரம்கட்டி, நாங்குநேரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் போவானாம். வயிறு முழுதாகக் காலியாகாத அந்த உணர்வு 3 வாரத்துக்கு மேல் இருந்தால் வயது என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். இதுவரை இருந்த வழக்கம் மாறி மலச்சிக்கலோ பேதியோ நிலைத்துவிடுவது, மலம் மெலிந்து போவது, விடாத வயிற்று வலி, காரணமில்லாத ரத்தசோகை எல்லாமே இதே கணக்கில்தான் வரும். எடை குறைவதற்காகக் காத்திருக்காதீர்கள். அது பிந்தி வருவது. தம்பிக்குக் கடைசிவரை பெரிதாகக் குறையவே இல்லை.

ரத்தசோகையைப் பற்றி ஒரு லேப்காரியாக அழுத்திச் சொல்கிறேன். ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு வந்தால், மாத்திரை கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இதே விதிதான். வயல் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் ரத்தம் குறையும், அதனால் எடுத்த எடுப்பிலேயே புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். காரணத்தைத் தேட வேண்டும், அவ்வளவுதான். முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றுகிற பெண்கள் 7, 7.5 என்று ஹீமோகுளோபினோடு வருவார்கள். மாதவிலக்கு, சாப்பாடு போதவில்லை என்று எல்லாரும் விட்டுவிடுகிறோம். பலருக்கு அதுதான் காரணம். ஆனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை, வயிற்றிலும் மாற்றம் இருக்கிறது என்றால் மாதவிலக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போனாலும் பதற வேண்டாம்.

டாக்டரிடம் என்ன சொல்வது

நம் ஊரில் இதுதான் கஷ்டம். காய்ச்சல் என்றால் சத்தமாகச் சொல்வோம். வெளிக்கிப் போகிற விஷயத்தை, ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, யார் சொல்வது? அதனால் வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதத்திலிருந்து, வாரத்துக்கு எத்தனை நாள், ரத்தமா சளியா, இரவில் எழுந்து போகிறீர்களா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ இருந்ததா, அவருக்கு அப்போது என்ன வயது. சீட்டை நீட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு கேள்வி, கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், விரல் வைத்துப் பார்த்துவிடலாமா?" இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்க வேண்டும், வலிக்காது. பெண்கள், கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று கேட்கலாம், பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். அது உங்கள் உரிமை. மூலம் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னாலும், 'அதோடு வேறு எதுவும் இல்லையா' என்று கேளுங்கள். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். வைத்தியம் செய்தும் சில வாரங்களில் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நீங்களே பேச்சை எடுங்கள். 'இந்த வயசில் அதெல்லாம் வராது' என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

வருகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்குப்படி, 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் 1990 வாக்கில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய்க்கு நான்கு மடங்கு. அதனால்தான் அங்கே அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018லும், அரசுக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் குழு 2021லும் அதைச் சொன்னது. நம் நாட்டில் மொத்த எண்ணிக்கை அங்கே உள்ள அளவு இல்லை. ஆனால் வருகிறவர்களில் இளவயதுக்காரர்களின் பங்கு அதிகம். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசுப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. குடலுக்கு அப்படி யாரும் வீடு தேடி வரப்போவதில்லை, நாமேதான் போக வேண்டும்.

மலப் பரிசோதனை யாருக்கு

அறிகுறி எதுவும் இல்லாத, குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத ஒருவருக்கு 45 வயது ஆகிறது என்றால், வருஷம் ஒரு தடவை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல வழி. இதில் இரண்டு வகை. பழைய வகையில் சோதனைக்கு முந்தின மூன்று நாள் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிடக் கூடாது, வைட்டமின் சி மாத்திரையும் கூடாது. 'ஃபிட்' என்கிற புது வகை மனித ரத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும், பத்தியம் வேண்டாம். உங்கள் லேபில் எது செய்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது மலம் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக் கூடாது. பழைய செய்தித்தாளை விரித்து அதில் போய், குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டு எடுத்து டப்பாவில் போடுங்கள். மாதவிலக்கு நாட்களில் எடுக்காதீர்கள். பெயரும் தேதியும் எழுதி அன்றைக்கே கொண்டுவந்து கொடுங்கள். டப்பாவைக் கறுப்புக் கவரில் சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். நாங்கள் தினமும் பார்க்கிற வேலை இது.

ரத்தம் இருக்கிறது என்று வந்தால், மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். அடுத்தது கொலனோஸ்கோபிதான், அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள், 'மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது' என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். கட்டி தினமும் கசிவதில்லை. நாம் எடுத்த அன்றைக்குக் கசியாமல் இருந்திருக்கலாம்.

கொலனோஸ்கோபிக்குத் தயாராவது

உடன்பிறந்தவனுக்கு வந்ததால் நானும் அந்த வருஷமே செய்துகொண்டேன். எனக்கு அப்போது 38. செய்கிற அன்றைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முந்தின நாள்தான் பாடு. அதை ஒழுங்காகச் செய்தால் ஒரே தடவையில் முடியும். குடல் சுத்தமாக இல்லையென்றால் டாக்டருக்கு எதுவும் தெரியாது, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரையை ஐந்தாறு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகச் சாப்பிடவும் செய்யாதீர்கள். கேட்டுச் செய்யுங்கள். கிட்னி, இருதயக் கோளாறு இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். குடிக்கக் கொடுக்கும் மருந்தே மாறும்.

மூன்று நாள் முன்பிருந்து விதை, தோல், நார் எதுவும் வேண்டாம். தக்காளி விதை, கொய்யா, வெண்டைக்காய், கீரை, நிலக்கடலை, எள்ளு. எள்ளுப்பொடியை நான் மறந்துவிட்டு இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன். நர்ஸ் பிறகு, உள்ளே ஒன்றிரண்டு எள்ளு ஒட்டியிருந்ததாகச் சொன்னார். வெள்ளைச் சோறு, மோர், இட்லி, தோல் இல்லாத உருளைக்கிழங்கு போதும். சொதியும் கூட்டாஞ்சோறும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், மேலாகத் தெளிந்த ரசம், பால் சேர்க்காத டீ. சிவப்பு, ஊதா நிறத்தில் எதையும் குடிக்காதீர்கள், உள்ளே ரத்தம்போலத் தெரியும். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் எல்லாம் இதில் அடங்கும்.

சாயந்திரம் பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். எனக்கு 2 லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். பாதியை முந்தின இரவும் மீதியை விடியற்காலையிலும் குடிப்பது மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடிப்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்யும். உப்புக் கரிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று மெதுவாகக் குடித்தால் குமட்டாது. நடுவில் ஒரு துண்டு எலுமிச்சையைச் சப்பிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கும், அப்புறம் நிற்காது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே கக்கூஸ். அதனால் அன்று ராத்திரி பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கழுவிய பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோல் எரியாது. கடைசியில் கட்டி கலங்கல் எதுவும் இல்லாமல், சிறுநீர் நிறத்தில் தெளிவாகப் போக வேண்டும். அப்படிப் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் போனதும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களுக்கு இது முக்கியம். காலையில் மருந்தைக் குடித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வர முடியாது. வழியில் மானம் போகும். முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். நான் வண்ணாரப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கினேன். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். மயக்க ஊசி போடுவதால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுபோன்ற வேலையும் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். ஆள்காட்டி விரல் கனத்தில், வளையக்கூடிய ஒரு குழாய், நுனியில் கேமரா. அரை மணி நேரம், சில சமயம் கொஞ்சம் கூட ஆகும். எனக்குக் கண்ணை மூடியது தெரியும், அடுத்து நினைவு வரும்போது சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெருங்குடலில் 6 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது, சின்ன மரு மாதிரி. கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள், வலியே இல்லை. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிப் பாலிப்பாகத் தொடங்கி, ஏறத்தாழ பத்து வருஷம் எடுத்துத்தான் புற்றுநோயாகிறது. அதனால்தான் இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வரவிடாமலும் தடுக்கிறது. அன்று பூராவும் காற்று பிரிந்துகொண்டே இருக்கும். கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், நிறைய ரத்தம் என்று எதுவும் வந்தால் மட்டும் உடனே திரும்பிப் போங்கள். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்கிற அளவில் நடக்கக்கூடியது, அதை நினைத்துப் பின்வாங்க வேண்டாம்.

ரிப்போர்ட்டை வாங்கும்போது படங்களோடு வாங்குங்கள். குழாய் குடலின் தொடக்கம்வரை போனதா, சுத்தம் நன்றாக இருந்ததா என்று அதில் எழுதியிருக்கும். எல்லாம் நன்றாக இருந்து, குடும்பத்திலும் யாருக்கும் இல்லையென்றால் அடுத்தது 10 வருஷம் கழித்துத்தான்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரை. நோய் வந்தபிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். எந்தெந்தப் பரிசோதனை அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு மேஜையில் முதலிலேயே கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

சாப்பாடு, பழக்கம்

பீடி, சிகரெட், சாராயம், உடம்பு பெருப்பது, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது, ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பதப்படுத்திய இறைச்சி, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். பனங்கிழங்கு, பயறு, காய்கறி, நடை, இவை குறைக்கும். இதற்கு மேல் நான் இழுக்கவில்லை, ஏனென்றால் தம்பி பீடி தொட்டதில்லை, குடித்ததில்லை. ஒழுங்காக இருக்கிறவர்களுக்கும் வருகிறது. 'நான் எதுவும் தப்பு செய்யலையே' என்று அறிகுறியைத் தள்ளிவிடாதீர்கள். வந்தவரைப் பார்த்து 'என்ன சாப்பிட்டே' என்று விசாரிக்கவும் வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

தம்பிக்கு ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை, அப்புறம் ஆபரேஷன், சில மாதம் வயிற்றில் பை. பையைப் பிறகு எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறான். குடலோடு நின்ற நிலையில் கண்டுபிடித்தவர்களில் 10 பேரில் 9 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. ஈரல், நுரையீரல் வரை போனபிறகு என்றால் 10க்கு 2 பேர்கூட இல்லை.

பயாப்ஸி எடுத்ததும், அதாவது கட்டியிலிருந்து சோதனைக்காக ஒரு சின்னத் துண்டை எடுத்ததும், அந்தத் துண்டில் 'எம்.எம்.ஆர்.' பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். குடல் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிற பரம்பரைக் கோளாறுக்கான துப்பு அதில் கிடைக்கும். இருந்தால் அந்தக் குடும்பத்தில் கோளாறு உள்ளவர்கள் 20, 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கொலனோஸ்கோபி செய்ய வேண்டும். பெண்களுக்குக் கருப்பையையும் கவனிக்க வேண்டும். தம்பிக்கு அது இல்லை என்று வந்தது.

பரம்பரைக் கோளாறு இல்லாவிட்டாலும் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை, இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வரும் வயதில், எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். தம்பிக்கு 34 என்பதால் எங்கள் வீட்டுக் கணக்கு 24. எனக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்தது 2027. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவன் ஒருவன் இருக்கிறான், துபாயில் வேலை. லீவில் வந்தபோது இரண்டு நாள் அழுது சண்டை போட்டுத்தான் கூட்டிப் போனேன். அவனுக்கு ஒன்றும் இல்லை.

தம்பி மகள் 2015ல் பிறந்தவள். அவளுடைய தடுப்பூசி அட்டை இருக்கும் உறையில் அவள் அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் வைத்து, மேலே '2039' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.